பட்டறையில் பிறந்த வானவூர்தி

விமானம் என்ற சொல்லைக் கேட்டதும் பெருந்தொழிற்சாலைகளும் அரசாங்கக் கருவூலங்களுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. அவ்வெண்ணம் தவறானதன்று. இன்று நாம் ஏறிச் செல்லும் பயணிகள் விமானங்கள் யாவும் அத்தகைய இடங்களில் உருவாகுபவையே. எனினும் விமானத்தின் பிறப்பிடம் எதுவென்று வரலாற்றைக் கேட்டால், அது ஒரு மிதிவண்டிக் கடையின் பின்கட்டையே சுட்டிக் காட்டுகின்றது. அதற்குப் பின்னரும் வீட்டுக் கொட்டகையிலும் தோட்டத்துச் சாவடியிலும் மொட்டை மாடியிலும் தனி மனிதர் தம் கையாலேயே விமானம் கட்டிப் பறக்கும் மரபு இன்றளவும் அறுபடாது வருகின்றது. அம்மரபின் வரலாற்றையும், அதில் நமக்கு உள்ள பங்கையும், நாம் தவற விட்டதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வரலாற்றை விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நின்று பார்க்க முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் இவ்விரண்டு ஊர்களையும் கோத்துச் செல்லும் சாலையை நினைவிற் கொண்டால் வியப்பு அகலும். சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி நோக்கிச் செல்லும் அப்பெருஞ்சாலையை நம் மக்கள் ஜி.எஸ்.டி. ரோடு என்பர். கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு என்பதன் சுருக்கம் அது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், செங்கற்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை என நீளும் இச்சாலையின் ஓரத்திலேயே தமிழகத்து விமான வரலாற்றின் முக்கியமான ஏடுகள் சில எழுதப்பட்டன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

சாலையோரத்துத் தொழிலறிவு

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அத்தொலைவைக் கடப்போர் இருமருங்கிலும் காண்பது என்ன? வெல்டிங் பட்டறை, லேத் பட்டறை, டிங்கர் வேலை செய்யும் கொட்டகை, பஞ்சர் கடை, டிராக்டர் பழுது பார்க்குமிடம் ஆகியனவே. நசுங்கிய லாரிக் கதவைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பழைய வடிவுக்குக் கொண்டுவரும் டிங்கர் தொழிலாளிக்கு உலோகத் தகடு எங்கே வளையும், எங்கே கிழியும் என்பது கைக்குத் தெரியும். அவ்வறிவு எந்தக் கல்லூரிப் பட்டத்திற்கும் குறைந்ததன்று.

விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கெல்லை கடல். மரக்காணத்துக் கரையோரக் குப்பங்களில் ஒரு காலத்தில் கட்டுமரமே மீனவரின் ஊர்தி. கட்டுமரம் என்ற சொல்லே நம்மிடமிருந்து ஆங்கிலத்திற்குச் சென்று உலகெங்கும் வழங்கி வருகின்றது. கடலிலிருந்து திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே கரையில் உலர்த்தி, மறுநாள் மீண்டும் பிணைத்துக் கடலில் இறக்குவது மீனவர் வழக்கம். பாகம் பாகமாகப் பிரித்து மீண்டும் பூட்டத்தக்க ஊர்தி என்னும் கருத்து நமக்குப் புதிதன்று என்பதற்கு இதுவே சான்று. இன்று கட்டுமரத்தின் இடத்தைப் பெரிதும் கண்ணாடி நாரிழைப் படகுகள் பிடித்துவிட்டன. அச்சின்மேல் நாரிழைத் துணியை விரித்து, ரெசின் பூசி, அடுக்கடுக்காகப் படகு வார்ப்பதைப் போன்றே, நாரிழைத் துணியையும் தக்க ரெசினையும் அடுக்கி, வீட்டில் கட்டும் விமானங்களுள் ஒரு வகையும் உருவாகின்றது. 1975ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியாளர் பர்ட் ரூட்டான் பறக்கவிட்ட வேரிஈசி என்னும் சிறு விமானம் அம்முறையைப் பரவலாக்கியது.

ஆகவே கைத்திறன் நம்மிடம் உண்டு. அவ்வாறாயின் விமானம் கட்டும் மரபு ஏன் நம்மிடையே வேரூன்றவில்லை? இவ்வினாவுக்கு விடை காணச் சற்றுத் தொலைவு சென்று வர வேண்டும்.

குர்துபாவில் கற்ற பாடம்

பறத்தலின் வரலாற்றைப் பேசுவோர் ஒன்பதாம் நூற்றாண்டு ஸ்பெயினைக் கடந்து செல்வது முறையாகாது. குர்துபா நகரில் உமையா அமீர்களின் அரசவையில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், கவிஞர், வானநூல் வல்லவர், நேரம் காட்டும் நீர்க்கடிகாரம் சமைத்தவர். கி.பி. 887இல் மறைந்த அவர், இறகுகளைப் போர்த்துச் சிறகு பூட்டிக்கொண்டு உயரமான இடத்திலிருந்து பறந்தார் என்றும், சிறிது தூரம் சென்றபின் இறங்குகையில் முதுகில் அடிபட்டார் என்றும் வரலாற்றாசிரியர் அல்மக்கரீ எழுதியுள்ளார். பறவை தன் வாலைக் கொண்டே தரையிறங்குகின்றது என்பதை அவர் எண்ணிப் பார்க்காமல் வால் அமைக்காது விட்டார் என்பதே விபத்துக்குக் கூறப்பட்ட காரணம்.

அல்மக்கரீ மறைந்தது 1632இல். பறந்தவருக்கும் இன்று நம் கைக்கு எட்டும் ஏட்டுக்கும் இடையே ஏழு நூற்றாண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி. அவர் கட்டிய சிறகின் நீளம் என்ன, அகலம் என்ன, எடை என்ன என்னும் கணக்கு நம்மை வந்தடையவில்லை. வந்தடைந்தது வால் பற்றிய அந்த ஒரு குறிப்பே. ஆயினும் அக்குறிப்பின் மதிப்பு பெரிது. பறத்தலில் நேர்ந்த பிழை இன்னது என்று வரலாறு பதிந்து வைத்த பழங்குறிப்புகளுள் அதுவும் ஒன்று. நிலவின் பள்ளம் ஒன்றுக்கு அறிவுலகம் அவர் பெயரைச் சூட்டியிருப்பது பொருத்தமே.

மிதிவண்டிக் கடையின் பின்கட்டு

இனி அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டேட்டன் நகருக்கு வருவோம். வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்னும் உடன்பிறந்தார் இருவர் அங்கு மிதிவண்டி விற்றும் பழுது பார்த்தும் வந்தனர். அதே காலத்தில் வாஷிங்டனில் சாமுவேல் லாங்லி என்னும் பேரறிஞர் அமெரிக்கப் போர்த்துறை அளித்த 50,000 டாலரைக் கொண்டு விமானம் கட்டிக் கொண்டிருந்தார். 1903ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாளும் டிசம்பர் 8ஆம் நாளும் லாங்லியின் ஊர்தி போடோமாக் ஆற்றில் விழுந்தது. அதற்கு ஒன்பது நாட்களுக்குப் பின், டிசம்பர் 17ஆம் நாள், வட கரோலினாவின் கடற்கரை மணலில் ரைட் சகோதரர்களின் விமானம் 12 விநாடிகள் பறந்து 120 அடி தூரத்தைக் கடந்தது. அன்றைய நான்காம் முயற்சியில் அது 59 விநாடிகளில் 852 அடி சென்றது. அவர்கள் செலவிட்ட தொகை 1,000 டாலருக்கும் குறைவு.

இவ்வெற்றியைத் துணிவின் வெற்றி என்று மட்டும் கூறுவது போதாது. 1901ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர்கள் தம் கடையிலேயே ஆறடி நீள மரப்பெட்டி ஒன்றைச் செய்து, அதனுள் விசிறியால் காற்றைச் செலுத்தி, சிறு தகட்டுச் சிறகுகளை ஏறத்தாழ 200 வடிவங்களில் வெட்டி வைத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு தூக்குவிசை தருகின்றது என்று அளந்து குறித்தனர். முன்னோர் விட்டுச் சென்ற அட்டவணைகளைக் கண்மூடி நம்பாமல் தாமே சரிபார்த்தனர். தக்க இயந்திரம் விலைக்குக் கிடைக்காதபோது, அவர்தம் கடைத் தொழிலாளியாகிய சார்லி டெய்லர் ஆறு வாரங்களில் 12 குதிரைத்திறனுள்ள இயந்திரத்தைக் கடைந்து கொடுத்தார். இயந்திரத்தின் விசையைச் சுழல் விசிறிகளுக்குக் கொண்டு சென்றவை மிதிவண்டியில் உள்ளவை போன்ற சங்கிலிகள்.

சிறகின் மேற்போர்வை மஸ்லின் துணி. ஈராக்கின் மோசுல் நகரத்தின் பெயரால் ஐரோப்பியர் இட்ட பெயர் அது; வங்கத்து நெசவாளரின் கைவண்ணத்தால் உலகப் புகழ் பெற்ற துணி வகையும் அதுவே. இயந்திர விசையால் மனிதனை முதன்முதலில் வானில் ஏந்திய சிறகைப் போர்த்திய துணிக்குக் கீழ்த்திசை நகரொன்றின் பெயர் வாய்த்திருப்பது எண்ணி இன்புறத் தக்கது.

பறந்த நாளில் படப்பெட்டியின் விசையை அழுத்துமாறு கடற்கரைக் காவற்பணியாளர் ஒருவரிடம் ஆர்வில் முன்கூட்டியே சொல்லி வைத்தார். அந்த ஒரு படமும், நாட்குறிப்பும், அளவுப் பட்டியலும் அவர்களது வெற்றியைப் பிற்காலத்தோர் மறுக்க இயலாமற் செய்தன.

பல்லாவரம், 1910

இப்போது நம் சாலைக்குத் திரும்புவோம். 1909ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் பிரெஞ்சுக்காரரான லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்த செய்தி உலகெங்கும் பரவியது. சென்னை மவுண்ட் ரோட்டில் விடுதி நடத்தி வந்த ஜியாகோமோ டாஞ்சலிஸ் என்னும் ஐரோப்பியர் உள்ளத்திலும் அச்செய்தி தீ மூட்டிற்று. தாமே வரைந்த அமைப்பின்படி இரட்டைச் சிறகு விமானம் ஒன்றைக் கட்ட முற்பட்டார். அதற்கு அவர் நாடியது சிம்சன் நிறுவனத்தை. 1840இல் சென்னையில் குதிரைக் கோச்சு வண்டிகள் கட்டுவதற்காகத் தோன்றிய தொழிற்கூடம் அது.

இவ்விடத்தில் சற்று நிற்போம். கோச்சு வண்டி கட்டுவோருக்குத் தெரிந்தவை யாவை? மரத்தை நீராவியில் வளைத்தல், கனமின்றி வலிமை தரும் பொருத்து, இரும்புப் பட்டை அடித்தல், துணியும் தோலும் இறுக்கிப் போர்த்தல். 1910ஆம் ஆண்டின் விமானத்திற்கு வேண்டியவையும் பெரும்பாலும் அவையே. எனவே அக்காலத்து நிலையில் வண்டிப் பட்டறைக்கும் விமானப் பட்டறைக்கும் இடையே இருந்த தொலைவு மிகக் குறுகியது. சென்னைத் தொழிலாளர் அத்தொலைவைக் கடந்து காட்டினர்.

சிறு இயந்திரம் பூட்டிய அவ்விமானம் பல்லாவரத்தில் சோதிக்கப்பட்டது. 1910 மார்ச்சில் சென்னைத் தீவுத்திடலில் நுழைவுக் கட்டணத்துடன் மக்களுக்குக் காட்டப்பட்டது. லண்டனிலிருந்து வெளிவந்த ஃபிளைட் என்னும் வார இதழும் இம்முயற்சியைக் குறிப்பிட்டது. இந்தியாவில், ஏன் ஆசியாவிலேயே, இயந்திர விமானம் பறந்த முதல் நிகழ்ச்சி இதுவே எனக் கொள்வாரும் உளர். அலகாபாத்திலும் கல்கத்தாவிலும் வெளிநாட்டு விமானங்கள் பறந்து காட்டியது அவ்வாண்டின் டிசம்பரில்தான். 1911 பிப்ரவரி 18ஆம் நாள் அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஹென்றி பெக்கே விமானத் தபாலைக் கொண்டு சென்றது அதற்கும் பிந்திய நிகழ்ச்சி. அவ்விரண்டு நகரங்களிலும் பறந்தவை கடல் கடந்து வந்த விமானங்கள். சென்னையில் காட்டப்பட்டதோ இங்குள்ள தொழிலாளர் கையால் இங்கேயே கட்டப்பட்டது.

ஆயினும் அது ஒரு தனி முயற்சியாகவே நின்றுவிட்டது. அதைத் தொடர்ந்து சென்னையில் விமானம் கட்டும் மரபு எழவில்லை. டாஞ்சலிஸின் பெயரை நினைவு கூர்வோர் உளர். அவ்விமானத்தின் மரத்தை இழைத்தும் துணியைப் போர்த்தும் உழைத்த சென்னைத் தொழிலாளரைப் பேசுவோர் அரியர்.

வரைபடம் வழங்கிய வள்ளலும் வானத்துத் தெள்ளுப்பூச்சியும்

அதே 1910ஆம் ஆண்டில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியை இதனோடு ஒப்பிட்டுக் காண வேண்டும். பிரேசில் நாட்டில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஆல்பெர்டோ சாண்டோஸ் டூமோன், மூங்கிலும் பட்டுத்துணியும் கொண்டு டெமோய்செல் என்னும் மிகச் சிறிய விமானத்தை உருவாக்கியிருந்தார். அதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை. யார் வேண்டுமானாலும் கட்டிக் கொள்ளட்டும் என்று வரைபடங்களைப் பொதுவில் வைத்தார். அமெரிக்காவின் பாப்புலர் மெக்கானிக்ஸ் இதழ் 1910 ஜூன், ஜூலை வெளியீடுகளில் அவற்றை அச்சிட்டது. அதைப் பார்த்துப் பல நாடுகளில் பலர் விமானம் கட்டலாயினர். வீட்டில் விமானம் கட்டும் மரபுக்கு விதை ஊன்றியது அவரது அக்கொடைதான் என்றால் மிகையன்று. வரைபடம் பரவியதால் கலையும் பரவிற்று. சென்னையிலோ விமானம் ஒன்றே ஒன்று. காட்சி முடிந்ததும் கலையும் முடிந்தது.

ஆனால் வரைபடம் பரவுவது மட்டும் போதுமா? போதாது என்பதை ஹென்றி மின்யே என்னும் பிரெஞ்சுக்காரரின் வரலாறு கற்பிக்கின்றது. சாமானியனும் தன் வீட்டிலேயே விமானம் கட்டலாம் என்னும் நம்பிக்கையோடு அவர் ஒரு சிறு விமானத்தை அமைத்து, 1933இல் பறக்கவிட்டு, 1934இல் அதன் செய்முறையை நூலாக வெளியிட்டார். வானத்துத் தெள்ளுப்பூச்சி என்று பொருள்படும் பெயர் அதற்கு. பிரான்சிலும் பிரிட்டனிலும் நூல் பரபரப்பாக விற்றது. எண்ணற்றோர் மரம் வாங்கிப் பலகை இழைக்கத் தொடங்கினர். பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக மரணச் செய்திகள் வந்தன. 1936இல் பிரிட்டனிலும் பிரான்சிலும் முழு அளவு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் நிறுத்திச் சோதித்தபோது காரணம் தெளிவாயிற்று. மூக்கு ஓரளவுக்குமேல் கீழ்நோக்கிச் சாய்ந்துவிட்டால் அதனை மீண்டும் நிமிர்த்த இயலாதவாறு முன்சிறகும் பின்சிறகும் அமைந்திருந்தன. கட்டியவரின் கைத்திறனில் குறையில்லை. செலுத்தியவரின் துணிவிலும் குறையில்லை. சோதனை முதலில் நடந்து பறத்தல் பின்னர் நடந்திருக்க வேண்டும். முறை மாறியதற்கு உயிர்கள் விலையாயின.

அந்த அடிபட்ட அனுபவத்திற்குப் பின்னரே இத்துறைக்கு ஒழுங்குமுறைகள் வலுப்பெற்றன. பிரிட்டனில் 1946ஆம் ஆண்டும், அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1953ஆம் ஆண்டும், வீட்டில் விமானம் கட்டுவோர் சங்கங்கள் தோன்றின. தனியே தவறு செய்து தனியே மடிவதற்கு மாறாக, ஒருவர் கண்ட குறையை அனைவரும் அறியச் செய்வது அவற்றின் முதற்பணியாயிற்று. அமெரிக்காவில் விமானத்தின் பெரும்பகுதி வேலையைக் கட்டுவோரே தம் கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ செய்திருக்க வேண்டும் என்பது விதி. பாதிக்குமேல் சொந்தக் கை உழைப்பு என்பதால் அதனை ஐம்பத்தொரு விழுக்காட்டு விதி என வழங்குவர்.

பெட்டியில் வரும் விமானம்

வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொரு பாகத்தையும் தாமே வெட்டிச் செய்தல் பழைய முறை. வெட்டித் துளையிட்ட பாகங்கள் பெட்டிகளில் வந்து சேர, அவற்றைப் பொருத்திக் கட்டுதல் பிந்திய முறை. இத்தொகுதியைக் கிட் என்பர். 1973இல் ரிச்சர்ட் வேன்கிரன்ஸ்வென் என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனத்தின் கிட்டுகளைக் கொண்டு மட்டும் இதுவரை 11,000க்கும் மேற்பட்ட விமானங்கள் கட்டிப் பறக்கவிடப்பட்டுள்ளன.

கட்டும் முறையைச் சற்றே விளக்குவோம். முதலில் பெரும்பாலும் வால் பகுதியையே கட்டுவர். அது சிறியது; அதில் பிழை செய்தால் இழப்பும் சிறிது; கை பழகும். பின்னர் சிறகுகள், அதன்பின் உடற்பகுதி, இறுதியில் இயந்திரமும் கருவிகளும். அலுமினியத் தகட்டின் துளை ஒவ்வொன்றின் விளிம்பிலும் உள்ள பிசிறை வழித்து எடுக்க வேண்டும். பிசிறு நின்றால் அங்கிருந்து வெடிப்பு தொடங்கும். துரு ஏறாதிருக்க முற்பூச்சு அடித்து, தற்காலிகப் பிடிப்பாணிகளால் தகடுகளை நிறுத்தி, ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளை ஒவ்வொன்றாக அடித்து இறுக்க வேண்டும். மூடினால் பின்னர்க் காண இயலாத சிறகின் உட்புறத்தை, மூடுவதற்கு முன்பே தகுதி பெற்றவர் பார்வையிட்டுக் கையொப்பமிடுவது நல்ல நடைமுறை. சில நாடுகளில் கட்டாயமும் ஆகும்.

நம் சாலையோரப் பட்டறையில் நசுங்கல் முழுதும் நிமிராவிட்டால் பட்டி பூசித் தேய்த்து வண்ணம் அடித்து மறைத்து விடுவர். லாரிக்கு அதனால் கேடில்லை. விமானத்திலோ பூசும் பட்டியும் எடை. மறைத்த குறையும் எமன். வேலை முடிந்தபின் மூன்று சக்கரங்களின் கீழும் மூன்று தராசுகளை வைத்து எடை பார்த்து, எடையின் நடுப்புள்ளி எங்கு விழுகின்றது எனக் கணக்கிடுவர். அது வகுத்த எல்லைக்குப் பின்னால் சென்றால் விமானம் தன் நிலையை இழக்கும். இக்கணக்கில் ஊகத்திற்கு இடமில்லை. அதன் பின்னரும் முதற்பறப்பில் பயணிகளை ஏற்றலாகாது. அமெரிக்காவில் பொதுவாக 25 முதல் 40 மணி நேரம் வரை சோதனைப் பறப்பு நிகழ்த்திய பிறகே அக்கட்டுப்பாடு தளரும்.

இவை அனைத்திற்கும் மேலாகக் கட்டுவோர் ஒரு குறிப்பேடு வைத்திருத்தல் வேண்டும். எந்த நாளில் எந்தப் பாகம், எத்தனை மணி நேரம், எந்தப் பிழை, எவ்வாறு திருத்தம் என்பன யாவும் படங்களுடன் அதில் இடம்பெறும். விமானத்தைக் கட்டியவர் இவரே என்பதற்கும், அது எவ்வாறு கட்டப்பட்டது என்பதற்கும் அவ்வேடே சாட்சி.

நம் நாட்டவர் முயற்சிகள்

நம் நாட்டவர் இத்துறையில் கைகட்டி நின்றனர் என எண்ணற்க. பெங்களூரின் ராஜ் ஹம்சா நிறுவனம் எக்ஸ்ஏர் என்னும் மென்விமானக் கிட்டுகளை உருவாக்கி அயல்நாடுகளுக்கு அனுப்பியது. பிரிட்டன் நாட்டு வீட்டுக் கொட்டகைகளில் அந்நாட்டார் பூட்டிப் பறந்த விமானங்களுள் நம் நாட்டுத் தொழிலாளர் வெட்டித் தைத்த பாகங்களும் இருந்தன.

மும்பையின் காந்திவலிப் பகுதியில் அமோல் யாதவ் என்னும் விமானி, தம் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஆறு பேர் அமரத்தக்க விமானம் ஒன்றைக் கட்டினார். பாகங்களைப் பாரந்தூக்கியால் கீழிறக்கி 2016 பிப்ரவரியில் மும்பையில் நடைபெற்ற மேக் இன் இந்தியா கண்காட்சியில் வைத்தார். விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் அதனைப் பதிவு செய்தது 2017 நவம்பரில். பறப்பதற்கான அனுமதி கிடைத்தது 2019 அக்டோபரில். விமானம் கட்டுவதை விட அனுமதி பெறுவதே அவருக்கு நெடும்போராட்டமாயிற்று என்பதைச் செய்தித்தாள் படித்தோர் அறிவர்.

கேரளத்தின் தொடுபுழைப் பகுதியைச் சேர்ந்த சஜி தாமஸ், கேட்கவும் பேசவும் இயலாதவர். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர். ரப்பர்த் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டர்களைக் கண்டு வேட்கை கொண்டு, பல ஆண்டுகள் உழைத்து மென்விமானம் ஒன்றை உருவாக்கினார். 2014இல் அது பறந்தது நம் தமிழகத்து மணிமுத்தாற்றில். ஆலப்புழையைச் சேர்ந்த பொறியாளர் மற்றொருவர், இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் உள்ள தம் வீட்டிலேயே, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த கிட்டைக் கொண்டு நான்கு பேர் அமரும் விமானத்தை 2020இல் ஊரடங்குக் காலத்தில் கட்டத் தொடங்கி 2022இல் குடும்பத்தோடு பறந்தார்.

மும்பையில் உழைத்தவரும் எசெக்ஸில் உழைத்தவரும் நம் நாட்டவரே. இருவர்க்கும் அறிவிலும் உழைப்பிலும் வேறுபாடு காண இயலாது. ஆயினும் ஒருவர் விமானத்தை முடித்தபின் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். மற்றவர் ஏறத்தாழ இரண்டாண்டுகளிலேயே கட்டியும் முடித்துப் பறந்தும் விட்டார். எசெக்ஸில் வழிகாட்டும் சங்கமும், படிப்படியே பார்வையிடும் ஆய்வாளரும், எழுதி வைத்த நடைமுறையும் முன்பே ஆயத்தமாக இருந்தன. நம்மிடம் இல்லாதது எது என்பதை இவ்வொப்பீடு தெளிவாகக் காட்டுகின்றது.

குரோம்பேட்டையும் இராமேசுவரமும்

1910இல் விமானம் சோதிக்கப்பட்ட பல்லாவரத்திற்கு அடுத்த ஊர் குரோம்பேட்டை. அங்கு 1949இல் சி. ராஜம் அவர்களின் கொடையால் எழுந்த சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் விமானப் பொறியியல் பயின்றவரே ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள். 1999இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் அவர் கூறும் இரு செய்திகள் நம் பொருளுக்கு நெருங்கியவை.

முதலாவது, இராமேசுவரக் கடற்கரையில் அவருடைய தந்தையார் ஜைனுலாபுதீன், உறவினர் அகமது ஜலாலுதீனுடன் சேர்ந்து பயணிகளுக்கான மரப்படகு ஒன்றைக் கட்டினார். மரத்துண்டுகள் தீயின் வெம்மையில் பதப்பட்டுப் படகாக உருப்பெறுவதைச் சிறுவன் கலாம் அருகிருந்து பார்த்தார். பின்னர் வந்த புயல் அப்படகைக் கொண்டு போயிற்று. இரண்டாவது, குரோம்பேட்டைக் கல்லூரியில் விமானம் ஒன்றின் வடிவமைப்புப் பணி அவருடைய குழுவுக்கு அளிக்கப்பட்டது. வேலை தாமதமானதைக் கண்ட பேராசிரியர் சீனிவாசன், மூன்று நாட்களில் வரைபடம் முடியாவிடில் உதவித்தொகை நிறுத்தப்படும் எனக் கண்டித்தார். உணவும் உறக்கமும் மறந்து கலாம் அதனை முடித்தார்.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்குதல் நலம். கடற்கரையில் கண்டது கைத்திறன். கல்லூரியில் கற்றது அளவும் வரைபடமும் காலக்கெடுவும். படகு கட்டுவோர் மகன் விண்கலம் ஏவும் நிலைக்கு உயர்ந்தது இரண்டும் ஒருவரிடமே சேர்ந்ததனால் ஆகும்.

உளுந்தூர்ப்பேட்டையின் ஓடுதளம்

சாலையில் விழுப்புரத்தைக் கடந்து தெற்கே சென்றால் உளுந்தூர்ப்பேட்டை வரும். 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, பின்னர்க் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேர்ந்த ஊர் அது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியர் அங்கு விமான ஓடுதளம் ஒன்றை அமைத்தனர். போர் முடிந்தது, விமானங்கள் போயின, தளம் மட்டும் வெயிலில் கிடந்தது. பல்லாவரத்து விமானமும் உளுந்தூர்ப்பேட்டை ஓடுதளமும் பிறர் தேவைக்காகத் தோன்றி, அத்தேவை தீர்ந்ததும் கைவிடப்பட்டவை. இடையிலுள்ள ஊர்களின் பட்டறைக்காரருக்கு அவற்றிலிருந்து ஒரு வரைபடமோ ஒரு பாடமோ வந்து சேரவில்லை.

இக்கட்டுரையைப் படித்துவிட்டு நாளையே இரும்புக் குழாயும் பழைய மோட்டார் இயந்திரமும் வாங்கப் புறப்படும் இளைஞர் எவரேனும் இருப்பின் அவர்க்கு ஒன்று கூறுவோம். பதிவும் அனுமதியுமின்றி விமானத்தில் பறப்பது சட்டத்திற்கு மாறானது. சட்டத்தைக் காட்டிலும் கடுமையானது காற்று. சித்திரை வெயிலில் விழுப்புரத்துக் காற்று சூடேறி அடர்த்தி குறைகையில், சிறகின் தூக்குவிசை குறைந்து, தரையில் ஓட வேண்டிய தூரம் நீளும். கடலோர உப்புக்காற்று அலுமினியத்தை அரிக்கும். கிட் தரும் நிறுவனம் தன் நாட்டின் குளிரில் இருந்துகொண்டு எழுதிய அளவுகளை இவ்வூர் வெயிலில் மீண்டும் சரிபார்த்தே ஆக வேண்டும். ரைட் சகோதரர்கள் பழைய அட்டவணைகளைச் சரிபார்த்தது போன்றதே இது.

செய்யத்தக்கது வேறு உண்டு. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் உள்ள பள்ளிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும், மூங்கிலும் தாளும் கொண்ட சிறு மிதவை விமானங்களிலிருந்து தொடங்கலாம். ஒரு மாணவன் தான் செய்த சிறகின் நீளம், அகலம், எடை, அது மிதந்து சென்ற தூரம் ஆகியவற்றை ஏட்டில் எழுதட்டும். இரண்டாம் சிறகில் எதை மாற்றினான், ஏன் மாற்றினான் என்பதையும் எழுதட்டும். அருகிலுள்ள டிங்கர் பட்டறைக்காரரையும் மரக்காணத்துப் படகு வார்ப்பவரையும் வகுப்பறைக்கு அழைத்து, அவர்தம் கைக்குத் தெரிந்ததை அளவாகவும் வரைபடமாகவும் பதிந்து வைக்கலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. அரசின் அனுமதியும் வேண்டியதில்லை.

இப்னு ஃபிர்னாஸின் பறப்பிலிருந்து நமக்கு எஞ்சியது வால் பற்றிய ஒரு குறிப்பு. 1910இல் பல்லாவரத்து விமானத்திற்காக உழைத்த தொழிலாளர் தம் அறிவை எழுதி வைத்திருந்தால், அடுத்த தலைமுறை அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருக்கும். இனியேனும் நம் பட்டறைகளில் சுத்தியலுக்கும் முழக்கோலுக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பேடும் இடம்பெறட்டும். அதன் முதற்பக்கத்தில் எழுத வேண்டியவை நான்கே: என்ன செய்தோம், எவ்வளவு எடை, யார் செய்தார், யார் சரிபார்த்தார்.